பேனாக்கத்தி வாங்கும்முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடக்குக் கத்தி வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் ஒன்று கேட்பேன்: போன வாரம் கையில் கத்தி இல்லையே என்று எங்கே நினைத்தீர்கள்? கூரியர் பெட்டியில் ஒட்டிய டேப், அரிசி மூட்டையின் சணல் தையல், ரயிலில் வாங்கிய கொய்யா, தோட்டத்தில் கன்றைக் கட்டிய கயிறு. பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். இத்தனைக்கும் ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, மெல்லிய, பல் இல்லாத ஓர் அலகு போதும். ஆனால் கடையிலோ இணையத்திலோ தேடத் தொடங்கியதும் இந்தப் பட்டியல் மறந்துபோகிறது. கறுப்பு வண்ணம் பூசிய, பாதி ரம்பமும் பாதி கத்தியுமாக இருக்கும் கனமான ஒன்றை வாங்கி வருகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

அந்த ரம்பப் பல்லிலிருந்தே தொடங்கலாம். பல் இருந்தால் நன்றாக வெட்டும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. படகில் ஈரக் கயிற்றை அறுப்பவருக்கும், விபத்தில் சீட் பெல்ட்டை அறுக்க வேண்டிய மீட்புப் பணியாளருக்கும் அது உண்மைதான். நார் நாராக இருப்பதைப் பல் பற்றி இழுத்து அறுக்கும். பழம் நறுக்கினால் பிய்த்துவிடும், பென்சில் சீவினால் மரத்தில் வரிவரியாகக் கீறும். மழுங்கினாலோ ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் கூம்பு வடிவக் கம்பியை விட்டுத் தனித்தனியாகத் தீட்ட வேண்டும். பாதிப் பல் வைத்த கத்தியில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பிடிக்கு அருகில் இருக்கும் பகுதியில்தான் கைக்கு அதிக பலம் கிடைக்கும், நுணுக்கமாகச் சீவுவதும் அங்கேதான். அந்த இடத்தையே பற்கள் பிடித்துக்கொள்கின்றன. தினசரி வேலைக்குப் பல் இல்லாத வாய்தான், அதாவது வழவழப்பான வெட்டும் ஓரம்தான், என் தேர்வு.

பல் இல்லாத வாய் என்றால் ஸ்கேல் போல நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. வாய் கொஞ்சம் வளைந்து முனையில் சேரும் வடிவம் பழம், காய், மீன் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். வாய் நேராகவும் முதுகு வளைந்து கீழிறங்கியும் இருக்கும் வடிவத்தை ஆங்கிலத்தில் ஆட்டுக் குளம்பின் பெயரால் அழைப்பார்கள். அட்டைப் பெட்டி வெட்டவும், பலகை மேல் வைத்துக் கோடு கீறவும், மரம் செதுக்கவும் அது அருமை. கூர்முனை இல்லாததால் தவறிக் குத்திவிடும் பயமும் குறைவு. முதல் கத்தி வாங்குபவருக்கு நான் வளைந்த வாயைத்தான் சொல்வேன்.

அடுத்தது தடிமன். இதை யாருமே பார்ப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய ஆதங்கம். 4 மில்லிமீட்டர் தடித்த அலகைக் கையில் எடுத்தால் உறுதியாகத் தோன்றும். அதே கத்தியால் ஒரு கேரட்டை நறுக்கிப் பாருங்கள். பாதி இறங்கியதும் கேரட் ‘டக்’கென்று பிளக்கும். வாய் எவ்வளவு கூராக இருந்தாலும் பின்னால் வரும் உலோகம் ஆப்பு போலப் பிளந்துகொண்டுதான் போகும். பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890-இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி இன்றும் விற்பதற்கு இந்த மெல்லிய அலகு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதன் 8-ஆம் எண் அளவில் அலகின் நீளம் 8.5 செ.மீ., தடிமன் 2 மி.மீ.கூட இல்லை. பீச் மரப்பிடி, ஓர் அலகு, ஒரு வளையம், அவ்வளவுதான். மாம்பழத்தைத் தாள் போலச் சீவலாம். மழையில் நனைந்தால் மரம் ஊதி அலகு இறுகிக்கொள்ளும் என்பது அதன் குறை. அப்போது பிடியின் அடிப்பகுதியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு சற்று வெளியே வரும். சவோய்க்காரர்களின் பெயரிலேயே அந்தத் தட்டுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் வழக்கு உண்டு. மெல்லிய அலகை நெம்புகோலாக மட்டும் பயன்படுத்தக் கூடாது. பெயின்ட் டப்பா மூடிக்கு ஸ்குரூடிரைவர், இளநீருக்கு அரிவாள், பாக்குக்குப் பாக்குவெட்டி.

எஃகு விஷயத்தில் இரண்டு திசையிலும் தவறு நடக்கிறது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் பொறித்து, எந்த ரகம் என்று சொல்லாத கத்தியை வாங்குவது ஒரு பக்கம். பெரும்பாலும் அது பதம் நிற்காத மென்மையான எஃகாக இருக்கும். இணையத்தில் படித்துவிட்டு ஆக விலை உயர்ந்த எஃகைத் தேடுவது இன்னொரு பக்கம். எஸ்30வி என்ற எஃகில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம் இருக்கிறது. அது கார்பனோடு சேர்ந்து உருவாகும் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் துகள்களைவிடக் கடினமானவை. பதம் நெடுநாள் நிற்கும், சரி. ஆனால் மழுங்கிய பிறகு வீட்டுக் கல்லில் உட்கார்ந்து தேய்த்தால் கை ஓய்ந்துபோகும், வைரத்தூள் பதித்த கல் வேண்டும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனக் கத்திகளின் எஃகு, கடினத்தன்மையைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56 அளவுக்குத்தான் இருக்கும். நிபுணர்கள் அதை மென்மை என்பார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி கூராகிவிடுவதால் எனக்கு அதில் குறை தெரிவதில்லை.

கடலோரத்தில் இருப்பவர்கள் துருவையும் யோசிக்க வேண்டும். குறைந்த விலைக் கத்திகளில் இப்போது டி2 எஃகு நிறைய வருகிறது. அதில் 12 சதவீதம் அளவுக்குக் குரோமியம் இருந்தாலும் பெரும்பகுதி கார்பனோடு பிணைந்துவிடும், துருவைத் தடுக்க மிச்சம் கொஞ்சம்தான். சட்டைப் பை வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாகத் துரு வந்துவிடும். கார்பன் எஃகு இன்னும் உணர்ச்சியுள்ளது. மாங்காய் நறுக்கினால் சில நிமிடங்களில் அலகு சாம்பல் நீலமாக மாறும், முதல் சில முறை மாங்காயிலும் லேசாக இரும்பு வாடை அடிக்கும். அந்தக் கறை துரு அல்ல, அலகுக்கு ஒரு பாதுகாப்புப் படலம். பயந்துபோய்த் தேய்த்து எடுக்காதீர்கள். ஈரத்தைத் துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். பலாப்பழப் பிசினையும் அதே எண்ணெய்தான் எடுக்கும்.

பூட்டு பற்றிச் சொல்லும்போது என் விரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் தோட்டத்து ரப்பர் குழாயில் துளை போட, பூட்டில்லாத கத்தியின் முனையை வைத்துத் திருகினேன். முனை சிக்கிக்கொண்டது. இழுத்த கோணம் சற்று மாறியதும் அலகு மடங்கி ஆட்காட்டி விரலில் இறங்கியது. மூன்று தையல், ஒரு மாதம் எழுத முடியவில்லை. முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் கத்தி நறுக்க, சீவ மிகவும் நல்லது, குத்தவும் துளைக்கவும் ஆகாது. துளைக்கும் வேலை உண்டு என்றால் பூட்டுள்ளதை வாங்குங்கள். ஒப்பினெலில் 1955 முதல் அலகைப் பூட்டத் திருகும் வளையம் இருக்கிறது. 1964-இல் வந்த பக் 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தி போன்றவற்றில் பூட்டு முதுகுப் பக்கம் இருக்கும். இன்னும் சிலவற்றில் பிடிக்குள் இருக்கும் தகடு பக்கவாட்டில் வந்து அலகின் அடியைத் தாங்கும். அந்தத் தகடு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால் அந்தக் கத்தி வேண்டாம். பூட்டு இருக்கிறதே என்று அலகின் முதுகில் ஓங்கி அழுத்துவதும் தவறு. பையில் சேரும் நூல் தூசியும் மணலும் பூட்டைச் சரியாக உட்கார விடாது.

பூட்டில் சட்டமும் கலந்திருக்கிறது. பிரிட்டனில் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்ல அனுமதி, வாய் 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டில்லாத மடக்குக் கத்திக்குத்தான். ஜெர்மனியில் ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே படிக்கவோ வேலைக்கோ போகிற பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் வருகின்றன, வீட்டு, விவசாய வேலைக்கானவை நீங்கலாக. அதனால் பேனாக்கத்தி அளவுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் பட்டனைத் தட்டினால் பாயும் கத்தியை வாங்கவே வாங்காதீர்கள். விமானப் பயணம் என்றால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கினால் அலகைத் திறந்து பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. மூடிய நிலையில் அலகு இரு பக்கத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். அப்புறம், பிடியை நிஜமாக நறுக்குவது போலப் பிடித்துப் பாருங்கள். பையில் மாட்டும் கிளிப் உள்ளங்கையில் உறுத்தும் கத்தி பத்து நிமிட வேலைக்கே தாங்காது.

கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சாணைக்கல்லுக்கும் இடம் விட்டுவையுங்கள். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் சூடு ஏறி வாயின் ஓரம் நீலம் பாய்ந்துவிடலாம். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். 1000 எண் கல் (எண் கூடக் கூடக் கல்லின் துகள் நுண்ணியது) ஒன்று, பழைய தோல் பெல்ட் ஒன்று இருந்தால் போதும். கல்லோடு ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரிக்குள் ஒரே கோணத்தில் வைத்து, இரு பக்கமும் மாறி மாறித் தேய்த்து, பெல்ட்டில் வாயைப் பின்னோக்கி இழுத்து முடிக்க வேண்டும். கோணம் கையில் நிற்கக் கொஞ்ச நாள் பிடிக்கும். அதுவரை புதுக் கத்தியைத் தொடாமல், சமையலறையில் மழுங்கிக் கிடக்கும் கத்திகளில் பழகுங்கள்.