கத்திரியில் கடற்கரை: வேர்வையைப் பாருங்கள், மேற்கு வானத்தைப் பாருங்கள்

போனில் டிகிரி பார்ப்பதை முதலில் விடுங்கள். மதுரையில் 40 காட்டும் நாளில் பாம்பனில் 34, 35தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு, கடல் காற்று இருக்கிறதே என்ற தெம்பில், நட்ட நடு மத்தியானம் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டினால் சுமார் 9 கிலோமீட்டர் ரோடு, இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது.

வேர்வை வழிவதால் உடம்பு குளிராது, அது காய்ந்தால்தான் குளிரும். நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் காற்றே ஈரமாக இருப்பதால் வேர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உள்சூடு இறங்காது. 35 டிகிரியோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடம்புக்கு 50 டிகிரி போல உறைக்கும் என்று அமெரிக்க வானிலைத் துறையின் அட்டவணை சொல்கிறது. அட்டவணை இல்லாமலே எங்கள் அப்பத்தா இதைப் "புழுக்கம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடும். நம் வானிலைத் துறையும் இதனால்தான் கடற்கரைக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. வெப்ப அலை என்று அறிவிக்கச் சமவெளியில் 40 டிகிரி தொட வேண்டும், கடற்கரையில் 37 போதும், அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். நம் ஊரில் பல நாள் அந்தக் கணக்குக்குள் வராமலே ஆள் மயங்கி விழுவார். அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள்.

என் கணக்கு எளிது. நிழலில் பத்து நிமிடம் உட்கார்ந்த பிறகும் நெற்றி வேர்வை காயவில்லை என்றால் அன்றைக்கு வேலையைப் பாதியாக்கிவிட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில். கடலுக்குப் போகாததால் ஓய்வு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். மராமத்து, பெயிண்ட், ஃபைபர் ஒட்டுவது, வலை பழுது பார்ப்பது என்று வருஷத்திலேயே மோசமான வெயிலில் நாள் முழுக்க நிற்பது இந்த இரண்டு மாதத்தில்தான். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்கும் சாயல்குடிப் பக்கம் பனை ஏறுகிறவர்களுக்கும் இதே காலம்தான் சீசன். எனவே விடியற்காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் கனமான வேலையை முடியுங்கள், மிச்சம் நாலு மணிக்கு மேல். புதிதாக வேலைக்கு வரும் பையனை முதல் நாளே முழு நேரம் நிறுத்தாதீர்கள். உடம்பு பழக ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். ஏசி ரூமில் ஒரு வருஷம் இருந்துவிட்டு லீவில் வந்து 'நான் இந்த ஊர்க்காரன்தானே' என்று வெயிலில் இறங்குகிறவனுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர், தாகம் எடுத்த பிறகு இல்லை, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் குடித்து ஈடுகட்ட முடியாது, அது வேறு ஆபத்து. பல தெருவில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர், குடிதண்ணீருக்குத் தள்ளுவண்டியில் குடங்களோடு அலைய வேண்டிய ஊர் இது. அதனால் வீட்டுப் பெண்கள் தண்ணீரை மிச்சம் பிடிப்பதற்காகத் தாங்கள் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். வெயில் மயக்கம் அடுப்படியிலும் வரும் என்பதை ஆம்பளைகள் கவனியுங்கள்.

காலையில் நீராகாரம் உப்புப் போட்டு, நடுவில் மோர், கிடைத்தால் நுங்கு, பதநீர். வேர்த்துக் கொட்டுகிற ஆளுக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலை தட்டி. உப்பு கூடக் கூடாது. பிரஷர், கிட்னி பிரச்சினை இருப்பவர்கள், நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கடையில் கலர் கலராக விற்கும் சர்பத்தை நான் மருந்தாக எண்ணுவதில்லை, ஆசைக்குக் குடிக்கலாம்.

கால் பிடித்து இழுக்கிறது, தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் அது முதல் மணி. நிழல், தண்ணீர், படுக்கை, சரியாகிவிடும். ஆனால் ஆள் பேச்சுக் குளறுகிறான், ஊர் பேர் மாற்றிச் சொல்கிறான், கேட்டதற்குப் பதில் இல்லை என்றால் உடம்பு உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடனே 108. வண்டி வரும்வரை சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், கடல் தண்ணீரானாலும் பரவாயில்லை, ஊற்றிக்கொண்டே விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி. வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரை ஏறும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

ராத்திரிச் சூட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். காங்கிரீட் மாடி பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை கீழே விட்டுக்கொண்டே இருக்கும். மாடியில் இரண்டு கோட்டு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வித்தியாசம் முதல் ராத்திரியே தெரியும். மாடி மேல் கிடுகுப் பந்தல் இன்னும் நல்லது, ஆனால் காற்றுக்கு அதுதான் முதல் பலி. கரண்ட் போனால் ஈரத்துண்டை உடம்பில் போட்டுக்கொண்டு பனையோலை விசிறி.

சரி, அடுத்தது வானம்.

பகலில் உள்நாடு காய்ந்து சூடான காற்று மேலே ஏறும், பாக் நீரிணைப் பக்கமிருந்து போகும் கடல் காற்றும் மேற்கே இருந்து வரும் காற்றும் சிவகங்கை, மதுரை, விருதுநகர் பக்கம் எங்காவது முட்டிக்கொள்ளும். மூன்று மணிக்கு மேல் மேற்கே பார்த்தால் காலிஃபிளவர் மாதிரி மேகம் குவிவது தெரியும். அது உச்சியில் பரந்து காளான் குடை மாதிரி ஆனால் இடிமேகம் முதிர்ந்துவிட்டது. பெரும்பாலான நாள் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. மேற்கே மின்னிக்கொண்டே இருக்கும், நமக்குப் புழுக்கம் மட்டும் மிச்சம். வருகிற நாளில் அரை மணி நேரத்தில் வந்துவிடும், அதுதான் சங்கடம்.

அதற்கு அடையாளம் காற்று. மத்தியானமெல்லாம் கடலிலிருந்து அடித்த காற்று திடீரென்று நின்றுபோகும். இலை அசையாது. அப்புறம் மேற்கே இருந்து ஜில்லென்று, மண்வாசனையோடு ஒரு காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் குளிர்ச்சியை ரசித்து நின்றுகொண்டிருக்காதீர்கள். அடுத்த சில நிமிடத்தில் புழுதி, அதன் பின்னால் சூறைக்காற்று, மின்னல். நாட்டுப்படகில், வத்தையில் கரையோரம் இருப்பவர்கள் காற்று நிற்கும்போதே வலையை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும், ஜில் காற்று வந்த பிறகு இல்லை. மாட்டிக்கொண்டால் படகின் நடுவில் தாழ உட்காருங்கள், கம்பியையும் இன்ஜினையும் தொடாதீர்கள், தண்ணீரில் கிடக்கும் தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் தலைக்கு மேலேகூட விழலாம். உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே. உள்ளே என்றால் காரை வீடு அல்லது கண்ணாடி ஏற்றிய கார், பஸ். கிடுகுக் கொட்டகை, மீன் ஏலக் கொட்டகை, நிழற்குடை எதுவும் கணக்கில் வராது. பனை அடியில் நிற்பதுதான் எல்லாவற்றையும்விட மோசம். இந்தப் பொட்டலில் உயரமாக நிற்பது அது ஒன்றுதானே, தலை கருகிய மொட்டைப் பனையை வழிநெடுக நீங்களே பார்த்திருப்பீர்கள். கையில் போன் இருந்தால் மின்னல் இழுக்கும் என்பதெல்லாம் கதை, ஆனால் சார்ஜில் போட்டுக்கொண்டு பேசாதீர்கள். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதும் கதைதான். அந்த பயத்தில் தள்ளி நின்றே ஆளை விட்டுவிடுகிறார்கள். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்துங்கள், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 108 வரும்வரை.

போனில் தாமினி செயலி போட்டுக்கொள்ளுங்கள், சுற்று வட்டாரத்தில் மின்னல் விழுவதைக் காட்டும். சென்னை வானிலை மையம் மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்குச் சொல்வதையும் நாலு மணிக்கு ஒரு தடவை பாருங்கள். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று போட்டிருந்தால் அந்த "இடையிடையே"தான் படகைக் கவிழ்ப்பது.

கூரைத் தகரம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை சாயங்காலம், சித்தப்பா கொட்டகைத் தகரம் ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தில் போய் மாட்டியது. பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருந்தார், அந்தக் கல் அவருடைய வண்டி மேலேயே விழுந்தது. கல் வைக்காதீர்கள். ஓரத் தகரத்துக்கு ஜே போல்ட்டை நெருக்கமாகப் போட்டு முறுக்குங்கள், காற்று முதலில் தூக்குவது ஓரத்தைத்தான். வாசலோரச் சீமைக்கருவேலக் கிளையைச் சித்திரைக்கு முன்னாலேயே கழித்துவிடுங்கள். கட்டியிருக்கும் படகுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, பக்கவாட்டில் பழைய டயர் தொங்கவிட்டு, கயிறு தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். புயல் இல்லாமலே ஒன்றோடொன்று மோதி உடைவது இந்த மாதிரிச் சாயங்காலத்தில்தான்.

என் அக்கா மகன் அமெரிக்காவில் டென்வரில் இருக்கிறான். போன மாதம் போன் பண்ணி, "மாமா, இங்க சைரன் ஊதுறாங்க, டொர்னாடோவாம், நம்ம ஊர்ல இதெல்லாம் வராதுல்ல?" என்றான். டொர்னாடோ என்றால் சுழல்காற்று. இங்கேயும் வரும், குட்டியாக. காய்ந்த கண்மாய்க்குள் புழுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடும் பேய்க்காற்று ஒரு சாதி, அது மேகமே இல்லாமல் வெயில் சூட்டில் வருவது, கண்ணை மூடிக்கொண்டால் போய்விடும். கடலில் மேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி இறங்கும் நீர்ச்சுழல் இன்னொரு சாதி. மேகம் கடல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று வீடியோ சுற்றும், அதில் நமக்குத் தெரியும் குழாய் பெரும்பாலும் காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து ஆன துளிகள்தான். அது போகும் திசைக்குக் குறுக்காகப் படகை விலக்கினால் போதும், துரத்திப் படம் எடுக்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால் டென்வருக்குக் கிழக்கே வரும் சுழல்களில் பல இந்த நீர்ச்சுழல் உருவாகும் அதே விதத்தில் தரையில் உருவாகுபவை.

பெரியது வேறு. மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக் காற்றும் ராக்கி மலைப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்றும் கான்சாஸ், ஒக்லஹோமா சமவெளியில் சந்தித்து, உயரே காற்று வேறு திசையில் வேறு வேகத்தில் ஓடும்போது மேகமே சுழலத் தொடங்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அதற்கு உச்சம். அதில் மிகப் பெரிய ரகத்தில் காற்று மணிக்கு 320 கிலோமீட்டரைத் தாண்டும். 2011 மே 22 அன்று மிசௌரியில் ஜோப்ளின் ஊரில் ஒரே சாயங்காலத்தில் 150 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அங்கே நம் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்: வாட்ச் என்றால் வரலாம், வார்னிங் என்றால் வந்துவிட்டது. வார்னிங் வந்ததும் நிலவறை, அது இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் அறை, தலையை மூடிக்கொண்டு. பாலத்துக்கு அடியில் ஒதுங்குவது தப்பு, காற்று அங்கே இன்னும் வேகமாகப் புகுந்து வரும். டென்வர் பக்கம் கோடையில் மலை ஏறப் போனால் மத்தியானத்துக்குள் உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் அங்கே பல நாள் இடி. இன்னொன்று, டென்வர் இருக்கும் 1,600 மீட்டர் உயரத்தில் வறண்ட காற்றில் வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், வேர்க்கவே இல்லை மாமா என்பான், உடம்பில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும். அவனுக்கும் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர்தான்.

இங்கே மழை விட்ட பிறகு செய்ய வேண்டியது கொஞ்சம். தெருவில் அறுந்து கிடக்கும் ஒயரை உயிருள்ளதாகவே நினைத்து, தேங்கிய தண்ணீரில் கால் வைக்காமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987. கடலில் ஆள் திரும்பவில்லை என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இந்த நம்பரைப் படகுக்குப் போகிறவர் போனில் மட்டும் போட்டால் போதாது, வீட்டில் இருப்பவர் போனிலும் போடுங்கள், தேடப்போவது அவர்கள்தான்.