தூ பிஷ்வாத்: மரங்களோட புத்தாண்டை வீட்டு மேஜையிலயே கொண்டாடறது எப்படி

நான் இஸ்ரேல்ல இருக்கற பேர்ஷெபாவுக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலம், மாடி வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி "இன்னைக்கு ராத்திரி மரங்களுக்குப் புது வருஷம், சாப்பிட வா"ன்னு கூப்பிட்டாங்க. அவங்க சின்ன வயசுலயே பம்பாய்ல இருந்து இங்க வந்த பெனெ இஸ்ரேல் யூதர், அதாவது கொங்கண் பக்கத்து இந்திய யூத சமூகம். அன்னைக்கு அந்த மேஜையில பாத்ததையும் அதுக்கப்புறம் வருஷா வருஷம் அவங்க கூட இருந்து செஞ்சதையும் வெச்சுதான் இதை எழுதறேன். இங்க புதுசா வந்திருக்கிற நம்ம ஆளுங்க, யாராவது கூப்பிட்டா என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கறவங்க, எல்லாருக்கும் உதவும்.

முதல்ல தேதி. ஷ்வாத்ங்கறது யூத மாசம், அதோட 15ஆம் நாள்தான் பண்டிகை. எபிரேய எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு, டெத் 9, வாவ் 6, ரெண்டும் சேந்தா 15, சேத்துப் படிச்சா 'தூ'. சந்திர மாசம்ங்கறதால அன்னைக்கு பௌர்ணமி, பெரும்பாலான வருஷம் நம்ம தைப்பூசத்துக்கு வர்ற அதே நிலாதான். நாள் சாயங்காலம் சூரியன் மறையும்போதே தொடங்கிடும், அதனால 2027ல ஜனவரி 22 வெள்ளி சாயங்காலம் ஆரம்பிச்சு சனி சாயங்காலம் முடியுது.

ஏன் குளிர்காலத்துல? பழைய காலத்துல இது பண்டிகையே இல்ல, கணக்கு வைக்கற தேதி. பழத்துல தசமபாகம் (பத்துல ஒரு பங்கு காணிக்கை) குடுக்க, இந்தப் பழம் போன வருஷத்துதா இந்த வருஷத்துதான்னு பிரிக்க ஒரு நாள் வேணும்ல. மிஷ்னாங்கற பழைய யூத சட்டத் தொகுப்புல ரெண்டு அறிஞர் குழு மோதுது, ஷம்மாய் பள்ளி ஷ்வாத் 1னு சொல்லுது, ஹில்லேல் பள்ளி 15னு சொல்லுது, ஹில்லேல் சொன்னதுதான் நிலைச்சது. பருவமழை பெரும்பகுதி பெஞ்சு முடிஞ்சு மரத்துக்குள்ள சாறு ஏற ஆரம்பிக்கற நேரம் இது. ஊர்ல இலை உதிர்ற மரமெல்லாம் மொட்டையா நிக்கும்போது பாதாம் மரம் மட்டும் இலை வர்றதுக்கு முன்னாடியே வெள்ளையும் இளஞ்சிவப்புமா பூத்துக் கொட்டும், அதைப் பாத்தாலே புரிஞ்சிடும்.

இப்ப சாப்பாட்டு சடங்கு, இதுக்குப் பேர் சேதெர். 16ஆம் நூற்றாண்டு ஸஃபெத் ஊர்ல இருந்த கபாலா (யூத மறைஞானம்) ஞானிகளோட வழியில வந்தது, 1753ல வெனிஸ்ல அச்சான புத்தகத்துல முழு முறையும் இருக்கு.

படி 1: சாமான் வாங்கறது

ஆறு பேருக்கு வெள்ளை ஒயின் ஒரு பாட்டில், சிவப்பு ஒரு பாட்டில் (750 மி.லி.) போதும், ஒரு கிளாஸுக்கு 60 மி.லி. ஊத்தினா கணக்கு சரியா வரும். குடிக்காதவங்களுக்கு திராட்சை ஜூஸ்லயும் ரெண்டு நிறம் கிடைக்கும். பழத்துல பைபிள்ல உபாகமம் 8:8 சொல்ற ஏழும் முக்கியம்: கோதுமை, பார்லி, திராட்சை, அத்தி, மாதுளை, ஆலிவ், பேரீச்சை. கோதுமைக்கு ரொட்டியோ கேக்கோ வெச்சா போதும், பார்லிய சூப்ல போட்டுடலாம். இதோட பாதாம், வால்நட், உலர் ஆப்ரிகாட், அப்புறம் காரப் (carob) காய். இந்தக் காரப் பாக்க நம்ம புளியங்காய் மாதிரியே இருக்கும், கருப்பா, காஞ்சு, உடைச்சா 'டக்'னு சத்தம் வரும், மென்னா கருப்பட்டி வாசம். தல்முத்ங்கற யூத நூல்ல ஒரு கதை உண்டு, ஒரு கிழவர் காரப் கன்னு நடறாரு, இது காய்க்க எத்தனை வருஷம்னு ஹோனிங்கற ஞானி கேக்கறாரு, 70 வருஷம்ங்கறாரு, நீங்க அதுவரைக்கும் இருப்பீங்களான்னா, எங்க முன்னோர் எனக்கு நட்டாங்க, நான் என் பிள்ளைகளுக்கு நடறேன்னு பதில். பாட்டி இந்தக் காயைக் கையில எடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லுவாங்க, எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.

விருந்தாளியாப் போறீங்கன்னா கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது) முத்திரை இருக்கற சீல் உடைக்காத பாக்கெட் வாங்கிட்டுப் போங்க. ஒயினை மட்டும் நீங்க தொடாதீங்க. ஆசாரமான வீடுகள்ல யூதர் அல்லாதவங்க திறந்து ஊத்தின ஒயினை, அது காய்ச்சின வகையா இல்லாட்டி, குடிக்க மாட்டாங்க. முதல் வருஷம் நான் உதவின்னு பாட்டிலை எடுக்கப் போனேன், பாட்டி மெதுவா கையைப் பிடிச்சு விளக்கினாங்க. கோவமே இல்ல, ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

படி 2: பூச்சி பாக்கறது

இதை விட்டுடாதீங்க. பூச்சி சாப்பிடறது அவங்களுக்குத் தடை, அதனால உலர்ந்த அத்தி ஒவ்வொண்ணையும் நடுவுல பிளந்து, உள்பக்கத்தை வெளிய திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துல காட்டிப் பாக்கணும். விதை எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளா மணல் போல இருந்தா சரி, நூலாம்படை மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தாலோ கருப்புத் தூள் உதிர்ந்தாலோ தூக்கிப் போட்டுடணும். பேரீச்சையையும் பிளந்து கொட்டையை எடுத்துப் பாருங்க. 2027ல இது சப்பாத் ராத்திரி (வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி சாயங்காலம் வரைக்கும் வேலை செய்யாத யூத ஓய்வு நாள்) வர்றதால பொறுக்கற வேலையெல்லாம் வெள்ளி மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடணும்.

படி 3: நாலு கிளாஸ், மூணு தட்டு

முதல் தட்டுல வெளிய ஓடு, உள்ள சாப்பாடு: பாதாம், வால்நட், மாதுளை. ரெண்டாவதுல வெளிய சதை, உள்ள கொட்டை: ஆலிவ், பேரீச்சை, ஆப்ரிகாட். மூணாவதுல முழுசா திங்கறது: அத்தி, விதையில்லாத திராட்சை, பெர்ரி வகை. கபாலால நாலு உலகம் சொல்லுவாங்க, கீழ இருக்கற செயலோட உலகத்துக்கு ஓடு தேவை, மேல போகப் போக காப்பு தேவையில்ல. நாலாவதுக்குப் பழமே கிடையாது, சில வீடுகள்ல வாசனை மட்டும் முகர்வாங்க.

ஒயின் இப்படி: முதல் கிளாஸ் முழு வெள்ளை. ரெண்டாவது வெள்ளையில கொஞ்சம் சிவப்பு, அந்தச் சிவப்பு விழும்போது அடியில புகை மாதிரி சுருண்டு மெல்ல ரோஜா நிறமா பரவும், குழந்தைங்க இதுக்காகவே காத்திருப்பாங்க, அவசரப்பட்டுக் கலக்கிடாதீங்க. மூணாவது சிவப்புல கொஞ்சம் வெள்ளை (பாதிக்குப் பாதி ஊத்தறவங்களும் உண்டு), நாலாவது முழு சிவப்பு. குளிர்காலத்துல இருந்து மண்ணு பூக்கற வரைக்கும் நடக்கறது அந்த நாலு நிறத்துல தெரியும்.

பழம் தின்னறதுக்கு முன்னாடி 'போரே ப்ரி ஹா-எட்ஸ்', அதாவது மரத்தின் கனியைப் படைச்சவரேன்னு முடியற ஆசி சொல்லுவாங்க, அமைதியா இருந்து ஆமென் சொன்னா போதும். வாழைப்பழத்துக்கு இந்த ஆசி கிடையாது, பூமியின் விளைச்சல்னுதான் ஆசி, ஏன்னா யூத சட்டப்படி வாழை மரமே இல்ல. குலை தள்ளினதும் வெட்டிட்டு பக்கக்கன்னை விடற நமக்கு இதைச் சொல்லியா தெரியணும்!

படி 4: மாலிதா

இது பெனெ இஸ்ரேல் வீட்டுக்கே உரியது. அவங்களுக்கு இந்த நாள் பைபிள்ல வர்ற எலியா தீர்க்கதரிசியோட நாள், கொங்கண்ல அலிபாக் பக்கம் கண்டாலான்னு ஒரு ஊர் இருக்கு, அங்க பாறையில எலியாவோட ரதத் தடம் இருக்குன்னு நம்பி யாத்திரை போவாங்க. செய்ய ரொம்ப சுலபம்: ரெண்டு கப் அவலைக் கழுவி தண்ணிய நல்லா வடிச்சு பத்து நிமிஷம் விடுங்க, அரை மூடி தேங்காய் துருவல், ருசிக்கு சர்க்கரை, ஏலக்காய்த் தூள், முந்திரி, திராட்சை போட்டு விரல் நுனியால பிசறுங்க. அவல் உதிரியா இருக்கணும், குழைஞ்சா போச்சு. சுத்தி அஞ்சு வகைப் பழம் வைக்கணும். முதல் தடவை அந்தத் தட்டைப் பாத்தப்ப எங்க வீட்டுப் பூஜை அவல்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

படி 5: நடறது

1890ல ஸிக்ரோன் யாகோவ்ல ஸெயெவ் யவெட்ஸ்ங்கற ஆசிரியர் பசங்களைக் கூட்டிட்டுப் போய் மரம் நட்டாரு, 1908ல ஆசிரியர் சங்கம் அதை எடுத்துக்கிச்சு, இப்ப நாடு முழுக்க குழந்தைங்க கன்னு நடறாங்க. சப்பாத்ல நடக்கூடாது, அதனால 2027ல ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிடுங்க. ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை நிலத்துக்கு ஓய்வு குடுக்கற ஷ்மித்தா வருஷத்துலயும் நடறதில்ல, அடுத்தது 2028 செப்டம்பர்ல தொடங்குது.

ஃபிளாட்ல இருக்கறவங்க பார்ஸ்லி விதை போடலாம், சில குடும்பங்கள்ல இது வழக்கம். விதையை ராத்திரி ஊற வெச்சு, அரை செ.மீ. ஆழத்துல தூவி, மண்ணு காயாம பாத்துக்கோங்க. மூணு வாரம் ஒண்ணுமே தெரியாது, தொட்டியைக் கொட்டிடாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு (2027 மாதிரி யூத நாள்காட்டியில ஒரு மாசம் கூடுதலா வர்ற வருஷம் மூணு மாசம்) எகிப்து அடிமைத்தனத்துல இருந்து விடுதலையானதைக் கொண்டாடற பஸ்கா வரும், அன்னைக்கு உப்புத்தண்ணில தொட்டுத் திங்க ஒரு கொத்து பச்சை வேணும், பாட்டி என் ஜன்னல் தொட்டியில இருந்துதான் பறிச்சுட்டுப் போவாங்க.