டிரைசூட் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

டிரைசூட் என்பது குளிர்ந்த கடலில் மூழ்குகிறவர்கள் போடும், தண்ணீர் உள்ளே புகாத உடுப்பு. எங்கள் பக்கத்துக் கடலுக்கு அது தேவையே இல்லை. தேவகோட்டையிலிருந்து கிழக்கே வண்டியை விட்டால் தொண்டி. அங்கே பாக் விரிகுடாத் தண்ணீர் வெதுவெதுவென்று இருக்கும். தண்ணீர் உள்ளே புகும் மெல்லிய ரப்பர் உடுப்பான வெட்சூட் போதும். அதனால்தான் செட்டிநாட்டில் வளர்ந்த ஒருவருக்குக் குளிர்ந்த தண்ணீர் என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரியாது. மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்ததுதான் நாம் கண்ட குளிர்.

நான் நார்வேயிலும் ஸ்காட்லாந்திலும் டைவ் படகுகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா கற்றுக்கொண்ட பிள்ளைகள், படிப்புக்கும் வேலைக்கும் வடக்கே கிளம்பும்போது எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அண்ணே, எந்த டிரைசூட் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். நான் செய்த அதே பிழைகள், வரிசை மாறாமல். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன நம் பாட்டன்மார் பெட்டி கட்டும்போது ஊறுகாய் ஜாடி வரைக்கும் யோசித்துக் கட்டினார்கள். உயிரைக் காக்கும் உடுப்புக்கு அந்த யோசனை வேண்டாமா?

நகம் வெட்டுங்கள், மோதிரத்தைக் கழற்றுங்கள், பயிற்சி எடுக்காமல் இறங்காதீர்கள் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை எந்தப் பயிற்றுநரும் சொல்லிவிடுவார்.

உள்ளே பருத்தி பனியன்

கூடாது. வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, கீழே போனதும் ஈரத்துணியாக உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி, இல்லையென்றால் செயற்கை இழை.

அளவு

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

எனது முதல் டிரைசூட்டை உடலளவுக்குச் செய்து தரும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் சொல்லிவிட்டேன். அளவுப் படிவம் வந்தது. கழுத்து, மார்பு, தோளிலிருந்து மணிக்கட்டு, தொடை, கவட்டையிலிருந்து பாதம் என்று இருபதுக்கும் மேல் கட்டங்கள். மேலே தடித்த எழுத்தில் ஒரு வரி: 'நீங்கள் அணியப் போகும் அண்டர்சூட்டைப் போட்டுக்கொண்டு அளக்கவும்.' அண்டர்சூட் என்பது சூட்டுக்குள் போடும், சூடு காக்கும் தடித்த உடுப்பு. அந்த வரியைப் படித்தேன், விட்டுவிட்டேன். அப்போது மே மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்டர்சூட் வாங்கியிருக்கவும் இல்லை. தெருமுனைத் தையல்காரரைக் கூப்பிட்டு, பனியனோடு நின்று அளவு கொடுத்தேன்.

சூட் வந்ததும் இரண்டாம் கட்டில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நின்று போட்டுப் பார்த்தேன். அப்பத்தா சுற்றி வந்து பார்த்து, "தச்சு வச்ச மாதிரி இருக்குய்யா" என்றார்கள். அப்படித்தான் இருந்தது. தவறே அதுதான்.

பிப்ரவரியில் ஒரு நார்வே ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த குறுகிய கடல். தண்ணீர் 5 டிகிரி. அங்கே வாங்கிய, தின்சுலேட் என்னும் செயற்கை இழையாலான தடித்த அண்டர்சூட்டுக்கு மேல் இந்த சூட்டை இரண்டு பேர் சேர்ந்து இழுத்து மாட்டிவிட்டார்கள். 18 மீட்டர் போனோம். பத்து நிமிடத்தில் தோளும் முழங்காலும் சில்லிட்டன. அண்டர்சூட் சூடாக வைத்திருப்பது அதன் இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றால். இறுக்கமான சூட் அதை நசுக்கிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. விலை உயர்ந்த துணி வெறும் துணியாகிவிடும். தண்ணீரோ காற்றைப்போல 25 மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டை இழுக்கும்.

குளிர்கூடப் பரவாயில்லை. மேலே ஏறத் தொடங்கியபோதுதான் பயம் வந்தது. இறங்கும்போது சூட்டுக்குள் நாமே வால்வு வழியாக விட்ட காற்று, ஏற ஏற விரியும். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வருவதற்குள் இரண்டு மடங்காகும். அதை வெளியே விடும் வால்வு இடது மேல்கையில் இருக்கிறது. முழங்கையைத் தூக்கி, அந்த வால்வை உடம்பின் உச்சிக்குக் கொண்டுவந்தால்தான் காற்று போகும். என்னால் முழங்கையைத் தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியவில்லை. சூட் அக்குளில் பிடித்துக்கொண்டது. உடம்பு தானாக வேகமெடுத்து மேலே போகத் தொடங்கியது. கூட வந்தவர் காலைப் பிடித்து நிறுத்தி, என் கையைத் தன் கையால் தூக்கி வால்வைத் திறந்துவிட்டார். அவர் இரண்டு அடி தள்ளி இருந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது. அந்த சூட்டைப் பாதி விலைக்கும் குறைவாக, என்னைவிட ஒல்லியான ஒருவருக்கு விற்றேன்.

போன மாதம் வந்த ஒரு பையன் ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில் இறங்கப் போகிறான். 1919-ல் ஜெர்மன் கடற்படை தன் போர்க்கப்பல்களைத் தானே மூழ்கடித்த இடம். பெரிய கப்பல்களில் சில 30 மீட்டருக்கும் கீழே கிடக்கின்றன. அளவுப் படிவத்தை நிரப்பிக் கையோடு கொண்டு வந்திருந்தான். மார்பு 94 செ.மீ. "எதைப் போட்டுக்கிட்டு அளந்தே?" என்றேன். "டீ-சர்ட்டுதாண்ணே. இந்த வேக்காட்டுல அண்டர்சூட்டப் போட்டா மயக்கம் வந்துரும்ல." என்னிடமிருந்த அண்டர்சூட்டைக் கொடுத்து, மறுநாள் காலை 5 மணிக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில் அளந்தபோது மார்பு 103. அந்த 9 சென்டிமீட்டருக்குள்தான் அவன் மூச்சு இருக்கிறது.

ஆகவே முதலில் அண்டர்சூட்டை வாங்குங்கள், பிறகு சூட்டை. எந்தக் கடல், எத்தனை டிகிரி என்று தெரிந்து அதற்குரிய தடிமனில் வாங்குங்கள். விடியற்காலையில், இல்லையென்றால் ஏசி அறையில், அதைப் போட்டுக்கொண்டு இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பிடித்து விறைப்பாக நிற்காதீர்கள்.

சூட் கைக்கு வந்ததும் சோதிக்க நம்மிடமே ஒரு முறை இருக்கிறது: பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணம். கைகளைக் குறுக்கே கட்டிக் காதைப் பிடித்து முழுதாக உட்கார்ந்து எழ வேண்டும். முதுகில் இழுத்தால், கவட்டையில் பிடித்தால், கழுத்து பின்னுக்குப் போனால் அந்த சூட் வேண்டாம். பிறகு ஒரு காலில் முழங்காலிட்டு, கையைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோய் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். இரு கையிலும். கடைசியாக இடது முழங்கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். எல்லாம் அண்டர்சூட்டோடு.

இதைக் கேட்டுவிட்டு ஒரு சுற்றுப் பெரியதாக வாங்குகிறவர்களும் உண்டு. அதுவும் ஆபத்துதான். தொளதொளப்பான சூட்டில் காற்று இங்கும் அங்கும் ஓடும். தலை தாழ்ந்தால் கால்களுக்குப் போய்ச் சேரும். பாதம் பூட்ஸிலிருந்து கழன்று, கால் மேலே, தலை கீழே என்று தூக்கிக்கொண்டு போகும்.

கழுத்து சீல்

சீல் என்பது கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டை. லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) சீல் கழுத்துக்கு மிருதுவாக இருக்கும், நன்றாக அடைக்கும். ஆனால் வெப்பம், வெயில், எண்ணெய், ஓசோன் நான்கும் அதற்கு ஆகாது. ஒரு சித்திரை, வைகாசியைப் பெட்டகத்தில் கழித்த என் லேடெக்ஸ் சீலை எடுத்தபோது விரலில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது சூட்டையும் கொண்டு வருகிறவர்கள் சிலிகான் சீல், அதுவும் வளையத்தோடு நாமே கழற்றி மாட்டும் வகை வாங்குவது நல்லது. சிறு கீறல் பட்டாலும் சிலிகான் ஒரேயடியாகக் கிழியும். உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும்.

லேடெக்ஸ்தான் வேண்டும் என்றால், புதுசு இறுக்கமாக இருக்கிறதே என்று அன்றைக்கே கத்தரி போடாதீர்கள். கழுத்துச் சுற்றளவை விடக் கொஞ்சம் பெரிய, விளிம்பு கூர்மையில்லாத செம்பின் வயிற்றில் ஓர் இரவு மாட்டி வையுங்கள். அதற்குப் பிறகும் இறுக்கினால், சீலில் வளையம் வளையமாகப் பதிந்திருக்கும் கோடுகளில் ஒரு கோடு, ஒரே ஒரு கோடு, வெட்டிவிட்டுப் போட்டுப் பாருங்கள். இறுக்கத்தைப் பொறுத்துக்கொண்டும் இறங்கக் கூடாது. கழுத்து நாளத்தில் அழுத்தம் பட்டால் இதயத் துடிப்பு குறைந்து தலை சுற்றும். தண்ணீருக்கடியில் மயங்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நியோப்ரீனா, டிரைலாமினேட்டா?

நியோப்ரீன் என்பது நுரை ரப்பர். அதன் குமிழிகளே சூடு காக்கும். ஆனால் ஆழத்தில் அவை நசுங்கும், சூடும் மிதப்பும் குறையும். கனமும் அதிகம், காயவும் நேரமாகும். டிரைலாமினேட் என்பது நடுவில் பியூட்டைல் ரப்பர் வைத்த மெல்லிய துணி. தானாகச் சூடு தராது, அண்டர்சூட்தான் எல்லாம். விமானத்தில் கொண்டுபோகிற நம்மவர்களுக்கு நான் சொல்வது டிரைலாமினேட்.

ஜிப்

மடித்து வைக்காதீர்கள். உருட்டி வையுங்கள்.

பழைய சூட்

புதிது வாங்கக் காசில்லை என்றால் பழையது வாங்குவதில் தவறில்லை. சோதிக்காமல் வாங்குவதுதான் தவறு. பஞ்சர் கடைக்காரர் டியூபைப் பார்ப்பது போலப் பாருங்கள். மணிக்கட்டு சீல்களில் இரண்டு பாட்டிலைச் செருகுங்கள், கழுத்தில் ஒரு பந்து. ஜிப்பை மூடி, கை வால்வையும் திருகி மூடிவிட்டு, காற்றை உள்ளே விடும் மார்பு வால்வு வழியாகக் காற்றை ஏற்றுங்கள். விம்மியதும் தையல், ஜிப், வால்வு ஓரங்களில் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவுங்கள். தையலில் ஓரிரு இடத்தில் குமிழி வந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஜிப்பின் பற்களுக்கு நடுவே வரிசையாக வந்தால் அந்த சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜிப் மாற்றும் கூலி, சூட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

தண்ணீரில் சோதிக்கிறேன் என்று ஊருணியில் இறங்கிவிடாதீர்கள். அது குடிதண்ணீர், அதில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்தார்கள். தோட்டத்து பம்புசெட் தொட்டி போதும். காலை 6 மணிக்குள் முடித்துவிடுங்கள், 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நம் ஊர் வெயிலில் ஜிப் போட்ட டிரைசூட்டுக்குள் இருப்பவருக்கு வெப்பத் தாக்கு வர அதிக நேரம் பிடிக்காது. ஜிப்பைத் திறந்துவிட இன்னொருவர் கரையிலேயே நிற்க வேண்டும்.

சிறுநீர்

சூட்டைக் கழற்ற முடியாதே என்று பலர் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். உடம்பில் நீர் வற்றினால், ஆழத்திலிருந்து மேலே வரும்போது அழுத்தம் குறைவதால் உடம்பில் வாயுக் குமிழிகள் உண்டாகும் டிகம்ப்ரஷன் நோய்க்கான வாய்ப்பு கூடும். சூட்டைக் கழற்றாமலே சிறுநீரை வெளியே விடும் சிறுநீர் வால்வு பொருத்திய சூட்டாகக் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கு ஏற்ற அமைப்பும் கிடைக்கிறது. கேட்க வெட்கப்பட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட தங்கை ஒருத்தியின் படிவத்தில், போன வாரம் நானே டிக் போட்டுக் கொடுத்தேன்.