புதுக் காருக்குக் கடன்: தவணை சின்னதாகத் தெரியும்போதுதான் கவனம் தேவை

ஷோரூமில் போய் உட்கார்ந்ததும் சீக்கிரமே வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பது. நம் வசதியை மனதில் வைத்து அக்கறையாகக் கேட்பது போலத்தான் இருக்கும். அதற்கு ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடுகிறது. காரின் விலை, வட்டி, கடன் காலம், கூடவே தலையில் கட்டும் துணைப்பொருட்கள் என்று எதை வேண்டுமானாலும் கூட்டிக் குறைத்து, நீங்கள் சொன்ன அந்தத் தவணைக்குள் அடக்கிவிட முடியும்.

அதனால் தவணையைக் கடைசியில் பேசுங்கள். முதலில் எல்லா வரியும் கட்டணமும் சேர்ந்து, சாலைக்கு வரும்போது காரின் விலை என்ன என்பதை எழுத்தில் வாங்குங்கள். அது முடிவான பிறகு வட்டி, அதற்கும் பிறகு காலம். இந்த வரிசையை மாற்றச் சொல்லி எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் மாற்ற வேண்டாம்.

காலத்தை நீட்டினால் என்ன ஆகிறது?

கணக்கு எளிதாக இருக்கட்டும். கடன் 100, ஆண்டு வட்டி 10 சதவீதம், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை என்று வைத்துக்கொள்வோம். 3 ஆண்டில் அடைத்தால் வட்டியாக மட்டும் ஏறக்குறைய 16 கட்டுவீர்கள். 5 ஆண்டு என்றால் 27. 7 ஆண்டு என்றால் 39. மூன்றாண்டுத் தவணையில் பாதியளவுதான் ஏழாண்டுத் தவணை வரும். பார்க்க இனிமையாக இருக்கும். ஆனால் வட்டி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்த ஏழாண்டுக் கடனில் முதல் தவணையில் பாதி வட்டிக்கே போகிறது. மூன்று ஆண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசலில் 65 பாக்கி நிற்கும். கார் அதற்காகக் காத்திருக்காது. பொதுவாகப் புதுக் கார்கள் முதல் ஆண்டிலேயே 15 முதல் 20 சதவீதம் வரை மதிப்பிழக்கின்றன, பிறகும் இறக்கம் நிற்பதில்லை. முன்பணமே இல்லாமல் முழு விலைக்கும் கடன் வாங்கியிருந்தால், பல ஆண்டுகளுக்குக் காரின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாகவே இருக்கலாம். நடுவில் வேலை போனாலும், ஊர் மாற வேண்டி வந்தாலும், காரை விற்றுக் கடனை அடைக்க முடியாது. கையிலிருந்தும் போட வேண்டும்.

விபத்தில் கார் முழுக்க நாசமானாலும் இதே கதைதான். சாதாரணக் காப்பீடு அன்றைய மதிப்பைத்தான் தரும், கடன் பாக்கியை அல்ல. இந்த இடைவெளியை ஈடுகட்டும் தனிக் காப்பீடு சில இடங்களில் கிடைக்கிறது. குறைந்த முன்பணத்தில் வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

20-4-10 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். விலையில் 20 சதவீதமாவது முன்பணம், அதிகபட்சம் 4 ஆண்டுக் கடன், காருக்கான மாதச் செலவு எல்லாம் சேர்த்து வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். மூன்றாவது விதி இன்றைய கார் விலைகளில் பலருக்கும் எட்டாது என்பதே என் கருத்து. ஆனால் முதல் இரண்டும் மேலே சொன்ன ஆபத்தை நேராக அடைக்கின்றன, அவற்றை விட்டுக்கொடுக்க வேண்டாம். நாலு ஆண்டுத் தவணை கட்ட முடியாது என்றால், பார்க்க வேண்டியது நீண்ட கடனை அல்ல, சின்ன காரை.

7 சதவீதம் 12.5 ஆகும் மாயம்

ஒருவர் 7 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 11 சதவீதம் என்கிறார். யாரிடம் வாங்குவீர்கள்? முதலாமவர் சொல்வது ஃப்ளாட் ரேட் என்றால், இரண்டாமவரிடம்தான் வாங்க வேண்டும். ஃப்ளாட் முறையில், நீங்கள் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை ஓடும். 100 கடனுக்கு ஆண்டுக்கு 7 வீதம் ஐந்து ஆண்டுக்கு 35 வட்டி. மொத்தம் 135, அதை 60 தவணையாகப் பிரிக்கிறார்கள். குறையும் அசல் முறையில் இதே தவணை வர வேண்டுமென்றால் வட்டி விகிதம் சுமார் 12.5 சதவீதமாக இருக்க வேண்டும்.

எந்த முறை என்று கேட்டால் சரியான பதில் வராமல் போகலாம். கேட்க வேண்டியது ஒன்றுதான்: கட்டணங்கள் உட்பட, கடைசித் தவணை வரை நான் கட்டும் மொத்தம் எவ்வளவு? ஒரே கடன் தொகை, ஒரே காலம் என்று வைத்து இந்த ஒரு எண்ணை ஒப்பிட்டால் போதும்.

முதல் ஒன்றிரண்டு தவணைகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அப்படியானால் உங்கள் கைக்கு வந்த கடன் அந்த அளவுக்குக் குறைவு, வட்டி மட்டும் முழுத் தொகைக்கு.

சரி, வட்டியே இல்லாத கடன்? பெரும்பாலும் ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்தால்தான் அது கிடைக்கும். 100 விலையுள்ள காருக்கு ரொக்கத் தள்ளுபடி 6 என்றால், மூன்றாண்டு 'பூஜ்ய வட்டி' உண்மையில் ஆண்டுக்கு 4 சதவீதம் அளவுக்கு வருகிறது. அதற்காக அது ஏமாற்று வேலை என்று ஒதுக்கவும் வேண்டாம். வங்கியில் உங்களுக்கு 9 சதவீத வட்டிக்குத்தான் கடன் கிடைக்கும் என்றால், இந்தப் பூஜ்ய வட்டியே லாபம். தள்ளுபடி பெரிதாக இருந்தால் கணக்கு தலைகீழாகும்.

வேறு இடத்தில் விசாரிக்காமல் போவது

டீலர் ஏற்பாடு செய்யும் கடனில் பல நேரம் டீலருக்கும் கமிஷன் இருக்கும். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அவர் காட்டும் முதல் வட்டி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய குறைந்த வட்டியாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை, அதாவது இதுவரை வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்ற பதிவைப் பார்த்து, தவறு இருந்தால் திருத்தி, ஓரிரு வங்கிகளில் வட்டியைக் கேட்டு வைத்திருங்கள். கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சின் தொனியே மாறும். கடன் உறுதியாகும் முன் புக்கிங் பணம் கட்டுவதாக இருந்தால், கடன் கிடைக்காவிட்டால் அது திரும்ப வருமா என்பதை எழுதி வாங்குங்கள்.

துணைப்பொருட்கள் விஷயத்தில் கொஞ்சம் கல்மனதாக இருக்கலாம். கோட்டிங், சீட் கவர், கூடுதல் வாரண்டி எல்லாம் "தவணையில் சும்மா கொஞ்சம்தான் கூடும்" என்றே வரும். மேலே சொன்ன ஏழாண்டுக் கடனில் 5 மதிப்புள்ள பொருளைச் சேர்த்தால் அது 7 ஆகிவிடும். ஓர் ஆண்டுக் காப்பீட்டைக் கடனில் சேர்ப்பது இன்னும் வேடிக்கை: அது காலாவதியான பிறகும் ஆறு ஆண்டு அதற்கு வட்டி கட்டுவீர்கள். பழைய காரின் கடன் பாக்கியைப் புதுக் கடனில் ஏற்றுவதும் இதே ரகம். இல்லாத காருக்கு வட்டி.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். ஒன்று, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு, எப்போதிலிருந்து அடைக்கலாம். இன்னொன்று, கடைசித் தவணை மற்ற தவணைகளைப் போன்றதுதானா. சில திட்டங்களில் மாதத் தவணையைக் குறைத்து, முடிவில் ஒரு பெரிய தொகையை வைத்திருப்பார்கள். அதைக் கட்டினால்தான் கார் உங்களுடையது. திருப்பிக் கொடுப்பதென்றால் ஓடிய தூரத்துக்கும் கீறலுக்கும் தனிக் கணக்கு. எதையும் நிரப்பாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம்.

கடன் முடியும்வரை பல இடங்களில் காரின் ஆவணத்தில் கடன் கொடுத்தவரின் உரிமையும் பதிவாகியிருக்கும். கடைசித் தவணை கட்டியதும் அது தானாக நீங்கிவிடும் என்று விட்டுவிடுகிறவர்கள், விற்கப் போகும்போதுதான் அலைவார்கள். பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் கையோடு வாங்கி, அந்தப் பதிவை நீக்கி, திருத்திய ஆவணத்தைப் பார்த்த பிறகு கோப்பை மூடுங்கள்.