வேலையோடு நிதித்துறைப் பட்டம்: கொழும்பிலிருந்து தொலைக்கல்வியில் படிப்பவர்களுக்கு

முதலில் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கையேட்டின் அட்டையில் ‘நிதியில் சிறப்பு’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டாம். வணிக நிர்வாகப் பட்டங்கள் பலவற்றில் முதல் இரண்டு வருடமும் எல்லோருக்கும் ஒரே பாடங்கள்தான்: முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், கணக்கீடு, பொருளியல், வணிகச் சட்டம். நிதி தனியாகப் பிரிவது கடைசி ஒன்றரை அல்லது இரண்டு வருடத்தில். அந்தக் காலத்தில் கம்பனி நிதி, முதலீடும் முதலீட்டுத் தொகுதியும், நிதிச் சந்தைகளும் நிறுவனங்களும், நிதிக்கூற்றுப் பகுப்பாய்வு, இடர் முகாமைத்துவம் என்று குறைந்தது ஐந்து பாடமாவது இருக்க வேண்டும். இரண்டு மட்டும் இருந்தால் அது பொதுவான வணிகப் பட்டம். அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் வங்கியின் திறைசேரிப் பிரிவுக்கோ பங்குத் தரகு நிறுவனத்துக்கோ போக நினைப்பவருக்கு அது போதாது.

அதோடு மாதிரிச் சான்றிதழ் ஒன்றையும் கேளுங்கள். சில பட்டங்களில் சிறப்புத் துறை சான்றிதழிலேயே வரும். சிலவற்றில் பெறுபேற்று விபரத்தில் மட்டும்தான் வரும். பின்னால் அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் முன்னுக்கு வந்து நிற்கும்.

கொழும்பிலிருந்து போகக்கூடிய வழிகள்

நாவலையிலுள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முதல் வழி. 1980இல் தொடங்கப்பட்ட இதன் முழு அமைப்புமே தொலைக்கல்விக்காக உருவானது: அச்சுப் பாடநூல்கள், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வகுப்புகள், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி உட்படப் பல ஊர்களில் நிலையங்கள். இங்குள்ள முகாமைத்துவ இளமாணிப் பட்டம் ஆங்கில மொழிமூலம். பலர் கவனிக்காமல் விடும் ஒன்று, தொடர் மதிப்பீடு. ஒப்படைகளிலும் இடைநிலைத் தேர்வுகளிலும் தேவையான புள்ளி எடுத்துத் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ‘கடைசி மாதத்தில் படித்து எழுதிவிடலாம்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி போன்ற பல்கலைக்கழகங்களின் வெளிவாரிப் பட்டங்கள் இரண்டாவது வழி. இங்கே பல்கலைக்கழகம் பாடத்திட்டம் தரும், பரீட்சை வைக்கும், பட்டம் வழங்கும். கற்பித்தலில் பெரும்பகுதி உங்கள் தலையில், அல்லது நீங்கள் தேடிப் போகும் தனியார் வகுப்பில். கட்டணம் குறைவு. ஆனால் பரீட்சையும் பெறுபேறும் தள்ளிப்போனால் பட்டக் காலம் நீளும். ஆகையால் நுழைவதற்கு முன், கடைசியாகப் பட்டம் முடித்த அணி எந்த வருடம் பதிவு செய்தது என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். கையேட்டில் அந்தத் தகவல் இருக்காது.

மூன்றாவது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள். இதில் மிகப் பழையது இலண்டன் பல்கலைக்கழகம். 1858 முதல் தொலைவிலிருந்து படிப்போருக்குப் பட்டம் வழங்குகிறது. அதன் கணக்கீடும் நிதியும், வணிகமும் முகாமைத்துவமும் போன்ற பட்டங்களுக்கு இலண்டன் பொருளியல் கல்லூரி பாட வழிகாட்டல் தருகிறது. கொழும்பில் இதற்கு வகுப்பு நடத்தும் நிறுவனங்கள் உண்டு. வகுப்பில்லாமல் தனியாகவும் படிக்கலாம். இதைத் தவிர, உயர் டிப்ளோமாவை முடித்துக் கடைசி ஒரு வருடத்தை மட்டும் பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் சேர்க்கும் முறையும் கொழும்பில் பரவலாக உள்ளது. நிதியில் ஆழம் வேண்டும் என்றால் இதில் நிதானமாக இறங்க வேண்டும். கணிதமும் புள்ளிவிபரவியலும் டிப்ளோமாவில் மெலிதாக இருந்துவிட்டு, கடைசி வருடத்தில் திடீரென முதலீட்டுக் கோட்பாடு வந்து நிற்கும்.

அங்கீகாரம்

கற்பிக்கும் நிறுவனம் வேறு, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் வேறு. விசாரிக்க வேண்டியது இரண்டாவதை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றை இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்பதற்கு, ஆணைக்குழு ஏற்கும் சர்வதேசப் பல்கலைக்கழகப் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றிருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுதி வாட் பிளேசிலுள்ள ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் காட்டப்படும் கடிதத்தின் நிழற்பிரதியை ஆதாரமாக எடுக்கக் கூடாது.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் சாதாரண இளமாணி 5ஆம் மட்டம், சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். முதலாவதற்குக் குறைந்தது 90 கிரெடிட், இரண்டாவதற்கு 120. பின்னால் முதுமாணிக்குப் போகும் எண்ணம் இருந்தால் எந்த மட்டம் என்பதையும் இப்போதே பாருங்கள்.

நேரக் கணக்கு

பட்டத்தை இடையில் விடுபவர்களில் பலர் பாடம் கடினம் என்று விடுவதில்லை. வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் வேண்டும் என்று கணக்குப் போடாமல் பாடங்களை அள்ளிப் பதிவு செய்துவிட்டுத் திணறுகிறார்கள்.

இலங்கைக் கட்டமைப்பில் 1 கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, சுயபடிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள் அடங்கும். 3 கிரெடிட் பாடமொன்றுக்கு 150 மணித்தியாலம். 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 10 மணித்தியாலம். இரண்டு பாடம் எடுத்தால் 20, மூன்று எடுத்தால் 30. காலை எட்டரையிலிருந்து ஐந்து மணி வரை கோட்டையில் வேலை செய்துவிட்டு, காலி வீதி நெரிசலில் வெள்ளவத்தைக்கோ தெஹிவளைக்கோ திரும்புகிறவருக்கு இரண்டு பாடமே உச்சம். கிழமை நாட்களில் அதிகாலை ஒன்றரை மணித்தியாலம், சனி ஞாயிறில் ஆறு ஆறாக என்று வைத்தால் 19 அல்லது 20 வரும். மூன்றாவது பாடத்துக்கு இடமில்லை.

பிரித்தானியப் பட்டத்தின் அளவுகோல் வேறு: 360 கிரெடிட், ஒவ்வொன்றும் 10 மணித்தியாலம், மொத்தம் 3,600. மூன்று வருடத்தில் முடிக்க வாரத்துக்கு 23 மணித்தியாலம். ஆறு வருடமாக நீட்டினால் பதினொன்றரை. முழுநேர வேலை, பிள்ளைகள் உள்ளவர்கள் நான்கரை அல்லது ஐந்து வருடத்துக்குத் திட்டமிடுவது நல்லது. வீட்டில் இடம் போதாவிட்டால் கொழும்புப் பொது நூலகமும் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகமும் இருக்கின்றன.

பத்திரங்களில் பெயர்

தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும். உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்துகளோடு ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறி. பல்கலைக்கழகம் பதிவில் உள்ளபடிதான் பட்டத்தில் அச்சிடும். பரீட்சை மண்டபத்தில் அடையாள ஆவணத்தோடு பெயர் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கே சிக்கல். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கச் சொல்லுங்கள். பெயர்கள் வேறுபட்டால், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாடங்களை எடுக்கும் ஒழுங்கு

தெரிவு உங்கள் கையில் இருந்தால் கணிதமும் புள்ளிவிபரவியலும்தான் முதல். பலர் பயந்து அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதுதான் பின்னால் பெரிய இடறல். முதலீட்டுப் பாடத்தில் இடர் என்பது நியமவிலகல், அதாவது வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு. இரண்டு பங்குகளைச் சேர்த்து வைத்தால் இடர் ஏன் குறைகிறது என்பதைச் சொல்வது இணைபு, அதாவது இரண்டும் எவ்வளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு. இவை கைக்கு வராதவருக்கு அந்தப் பாடம் முழுக்க மனப்பாடமாகிவிடும். அடுத்து நிதிக் கணக்கீடு, பிறகு கம்பனி நிதி, அதற்குப் பிறகு முதலீடு, கடைசியில் இடர் முகாமைத்துவம். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு ஐந்தொகை, பெறுமானத்தேய்வு (சொத்து பழையதாகும்போது வருடாவருடம் குறையும் பெறுமதி) எல்லாம் பழக்கம். உயர்தரம் தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பரீட்சை எழுதப் போகிறவர்கள் மத்திய வங்கி வருடந்தோறும் வெளியிடும் பொருளாதார அறிக்கையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் வைத்து வாசித்தால், துறைச் சொற்கள் இரண்டு மாதத்தில் பழகிவிடும்.

படிக்கும் முறை

நிதிப் பாடத்தை வாசித்துப் படிக்க முடியாது. பேனாவும் கணிப்பானும் கையில் இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் கால் மணித்தியாலம் வாசிப்பு, மீதி கணக்கு.

ஒரு மாதிரி: 10 இலட்சம் ரூபா போட்டால் ஐந்து வருடத்துக்கு வருடம் 3 இலட்சம் வரும் திட்டம். வரும் காசை ஒரு வருட வீதத்தால் (கழிவு வீதம்) இன்றைய பெறுமதிக்குக் குறைத்து, போட்ட காசைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தேறிய நிகழ்காலப் பெறுமதி. கழிவு வீதம் 12 சதவீதம் என்றால் அது சுமார் 81,400 ரூபா மிச்சம். 16 என்றால் சுமார் 17,700 ரூபா நட்டம். திட்டம் அதே திட்டம்தான், வட்டி வீதம் மட்டும் மாறியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கை மீண்டும் செய்யுங்கள். முதலீட்டுத் தீர்மானங்கள் அப்போது ஏன் நின்றுபோயின என்பது விளங்கும்.

இந்த வகைக் கணக்கில் புள்ளி போகும் இடங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். பெறுமானத்தேய்வைக் காசுப் பாய்ச்சலிலிருந்து கழித்துவிட்டுத் திரும்பக் கூட்ட மறப்பது. கடன் வட்டியைக் காசுப் பாய்ச்சலிலும் கழித்து, மூலதனக் கிரயத்திலும் (கம்பனி திரட்டும் பணத்துக்கான செலவு வீதம்) சேர்த்து இரண்டு தரம் எண்ணுவது. பணவீக்கம் சேர்ந்த காசுப் பாய்ச்சலைப் பணவீக்கம் நீக்கிய வீதத்தால் இன்றைய பெறுமதிக்குக் குறைப்பது. வரி வீதத்தைப் பாடநூலில் உள்ளபடியே எடுப்பது: இலங்கையில் கம்பனிகளின் பொது வருமான வரி 30 சதவீதம், ஆகவே 14 சதவீதக் கடனின் வரிக்குப் பிந்திய கிரயம் 9.8.

வட்டிக் கணக்குக்கு உங்களைச் சுற்றியே பயிற்சி இருக்கிறது. ஒரு இலட்சம் ரூபாக் கடன், ‘நிலையான வட்டி 12 சதவீதம்’, 12 தவணை என்று எடுங்கள். மாதம் 9,333 ரூபா கட்ட வேண்டும். கட்ட வேண்டிய கடன் முதல் குறைந்துகொண்டே போனாலும் வட்டி முழு இலட்சத்துக்கே கணக்கிடப்படுவதால், உண்மை வீதம் மாதம் சுமார் 1.79 சதவீதம், 12ஆல் பெருக்கினால் வருடத்துக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம். லீசிங் விளம்பரம் ஒன்றை எடுத்து இதே மாதிரி எக்செலில் பிரித்துப் பாருங்கள். முறிகள் போன்ற கடன் பத்திரங்களுக்கு, புதன்கிழமைகளில் நடக்கும் திறைசேரி உண்டியல் (அரசின் குறுங்காலக் கடன் பத்திரம்) ஏலத்தின் பெறுபேற்றை மத்திய வங்கித் தளத்தில் எடுங்கள். 364 நாள் உண்டியலின் விளைவு, அதாவது வாங்குபவருக்குக் கிடைக்கும் வருட வருமான வீதம், 10 சதவீதம் என்றால் 100 ரூபாவுக்கான விலை சுமார் 90.9, விளைவு ஏறினால் விலை இறங்கும். நிதிக்கூற்றுப் பகுப்பாய்வுக்கு, கொழும்பு பங்குப் பரிவர்த்தனையின் தளத்தில் கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே துறையில் இரண்டு கம்பனியை எடுத்து ஐந்து வருட விகிதங்களைப் போடுங்கள். ஒப்படைக்கும் அதுவே கைகொடுக்கும்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதத் தொடங்க வேண்டும். மூன்று மணித்தியாலம், 100 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம், 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விடை பிழைத்தாலும் வழிமுறைக்குப் புள்ளி உண்டு, ஆகையால் சூத்திரத்தையும் பிரதியிட்ட இலக்கங்களையும் எழுதிக் காட்டுங்கள். எந்தக் கணிப்பானுக்கு அனுமதி என்று முன்பே பார்த்து, அதிலேயே பயிற்சி எடுங்கள். வீட்டிலிருந்து இணையவழிப் பரீட்சை என்றால் மடிக்கணினி மின்கலம் நிறைந்திருக்கட்டும். வீட்டு இணையம் போனால் மாற, வேறு நிறுவனத்தின் சிம்மோடு ஒரு கைப்பேசி பக்கத்தில் இருக்கட்டும்.

பணம்

உள்ளூர்ப் பட்டத்தில் கட்டணம் ரூபாவில், பெரும்பாலும் பகுதி பகுதியாக. வெளிநாட்டுப் பட்டத்தில் பவுணில் அல்லது டொலரில். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டது; பாதிப் படிப்பில் இருந்தவர்கள் பலர் திண்டாடிப் போனார்கள். அடுத்த ஒரு வருடத்துக்கான கட்டணம் கையில் இல்லாமல் வெளிநாட்டுப் பட்டத்தில் இறங்காதீர்கள். பாடத்துக்குப் பாடம் கட்டும் முறை இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள். பதிவு, பாடம், பரீட்சை, பரீட்சை நிலையம், மீண்டும் எழுதுவதற்கான கட்டணம் என்று ஐந்து தலைப்பில் தனித்தனியாகக் கேளுங்கள்; ‘மொத்தக் கட்டணம்’ என்று சொல்லும் தொகையில் கடைசி இரண்டும் அடங்கியிருக்காமல் போகலாம்.

தொழில்சார் கணக்காளர் தகைமையும் எடுக்க நினைத்தால், எந்தப் பட்டத்துக்கு எத்தனை பாட விலக்கு (எழுதத் தேவையில்லை என்று விடப்படும் பாடம்) என்பதைப் பட்டம் சேர முன்பே அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள். விலக்கு பட்டத்தின் பெயரைப் பார்த்து மட்டும் கொடுக்கப்படுவதில்லை. நீங்கள் எடுத்த தெரிவுப் பாடங்களும் கணக்கில் வரும். பிரித்தானியக் கணக்காளர் தகைமையான ஏ.சி.சி.ஏ.யில் விலக்குப் பெறும் ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் உண்டு. அதையும் மேலே சொன்ன தொகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.