ஓடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள்

ஓடையில் வாழும் சிறு பூச்சிகளைப் பார்த்துத் தண்ணீரின் நலத்தை அறிய, ஆண்டுதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கோவையின் நொய்யல் ஆற்றின் மேல்பகுதிக்கு, சாடிவயல் பக்கம் கூட்டிப்போகிறேன். வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். வெள்ளைத் தட்டு, கொசுவலைத் துணி, பெயிண்ட் பிரஷ், லென்ஸ் போதும்.

வலையை இரண்டு குச்சிகளில் கட்டி, ஓட்டத்துக்கு எதிராக ஒருவர் பிடிக்கட்டும். இன்னொருவர் சற்று மேலே நின்று கற்களைக் காலால் இரண்டு நிமிடம் கிளறட்டும். அடுத்த இடத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கியே நகருங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் முன்பு கலக்கியதே வலைக்குள் வரும்.

அப்புறம் தட்டில் தண்ணீர் ஊற்றி, சிக்கியதை அதில் அலசிவிட்டு அசையாமல் காத்திருங்கள். எனக்கு மிகவும் பிடித்த நேரம் இது. சருகு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும்! இரண்டு வால் இருந்தால் பெரும்பாலும் கல் ஈ (stonefly) என்ற பூச்சியின் இளம்பருவம். மூன்று வாலும் வயிற்றோரம் செவுள்களும் இருந்தால் மே ஈயின் (mayfly) இளம்பருவம். இவை நிறைய இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. செம்புழுக்கள் மட்டுமே நெளிந்தால் கவலைப்பட வேண்டும். ஹீமோகுளோபின் இருப்பதால் அவை ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் பிழைக்கும்.

எண்ணி எழுதியதும் உயிர்களை எடுத்த இடத்திலேயே விடுங்கள். புரட்டிய கல்லையும் பழையபடி வையுங்கள்.

முழங்காலுக்கு மேல் ஆழம் வேண்டாம். மலையில் மேகம் கறுத்தாலோ தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ உடனே எல்லோரையும் கரையேற்றிவிடுங்கள்.