பம்ப் ஓடும்போது அமிலம் ஏறினால்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன வாரம் ஒரு பயிற்சி மாணவர் இதய அறுவையில் இதய-நுரையீரல் வேலையைப் பார்க்கும் பம்ப்பின் பைபாஸ் சர்க்யூட்டுக்கு பிரைம், அதாவது குழாய்களை முன்கூட்டியே நிரப்பும் திரவம், தயார் செய்வதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கை நேராக நார்மல் சலைனுக்கு (உப்புக் கரைசல்) போனது. 15 வருடத்துக்கு முன்னால் என் கையும் அப்படித்தான் போகும். காற்றுக் குமிழி, கிளாம்ப் எல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், அதை விடுங்கள்.

அமிலம் என்றாலே பைகார்பனேட்டைத் தேடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பம்ப் ஏறிய கொஞ்ச நேரத்தில் ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) வருகிறது: பிஎச் 7.28, பேஸ் எக்ஸஸ் (காரம் எவ்வளவு மிகை அல்லது குறை என்ற அளவு) மைனஸ் 7. ‘ஓட்டம் போதவில்லை’ என்று ஃப்ளோவைக் கூட்டுவார்கள், அப்புறம் அமிலத்தை முறிக்க பைகார்ப் (பைகார்பனேட்) கேட்பார்கள். அதே தாளில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது ஏறுவது) 1.6 என்று இயல்பாகவும், குளோரைடு 114 என்று உயர்ந்தும் இருக்கும். அந்த வரிக்குக் கண்ணே போகாது.

சலைனில் லிட்டருக்கு சோடியமும் 154 மில்லிமோல், குளோரைடும் 154. ரத்தத்திலோ சோடியம் 140க்கு குளோரைடு 100 அளவுதான். ஒன்றரை லிட்டர் சலைனைச் சில நிமிடங்களில் கலந்தால் அந்த இடைவெளி சுருங்கும், கூடவே பைகார்பனேட்டும் இறங்கும்; அமிலம் ஏறுவது இதனால்தான். திசுக்களுக்கு ஆக்சிஜன் ஒழுங்காகப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நானும் ஒருமுறை அவசரப்பட்டு 8.4 சதவீத பைகார்ப் 100 மில்லி ஏற்றினேன். கூடவே 100 மில்லிமோல் சோடியமும் போனது. அதிலிருந்து கிளம்பும் கார்பன் டைஆக்சைடை வெளியேற்ற ஸ்வீப் கேஸை (ஆக்சிஜனேட்டர் வழியே ஓடும் வாயு) கூட்ட மறந்துவிட்டேன். அடுத்த ஏபிஜியில் சோடியம் 146, பிஎச் ஏறக்குறைய அதே இடத்தில். இன்னொரு டோஸ் கேட்டேன். மயக்க மருத்துவர் ஒன்றும் பேசாமல் குளோரைடைப் பேனாவால் வட்டம் போட்டுத் தாளை என்னிடமே நீட்டினார்.

முதலில் லாக்டேட்டைப் பாருங்கள், அடுத்து குளோரைடு. லாக்டேட் ஏறி வீனஸ் சாச்சுரேஷனும் (திரும்பி வரும் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) இறங்கினால் ஓட்டத்தையும் ஹீமோகுளோபினையும் சந்தேகியுங்கள். ஆனியன் கேப்பை (சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் மிஞ்சுவது) மட்டும் நம்ப வேண்டாம். ஆல்புமின் நீர்த்துப்போயிருப்பதால் அது குறைவாகவே காட்டும்.

ரிங்கர் லாக்டேட்டைக் கண்டு பயப்படுவது

சலைனுக்கு மாற்றான இந்தத் திரவத்தில் இருப்பது சோடியம் லாக்டேட். லாக்டிக் அமிலம் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். கல்லீரல் அதை எரிக்கும்போது பைகார்பனேட்தான் மிஞ்சும். ஆனால் சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் பொருள்) போட்ட ரத்தத்தோடு ஒரே லைனில் விடக் கூடாது, இதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும்.

பிளாஸ்மாலைட் ஊற்றினால் கவலையில்லை என்பது

இதுவும் சலைனுக்கு மாற்றான திரவம். குளோரைடு 98தான், சரி. ஆனால் அசிடேட்டும் குளுக்கோனேட்டும் உடம்பில் கழியும்வரை ஆரம்பத்தில் பேஸ் எக்ஸஸ் கொஞ்சம் விழும். பொறுங்கள்.

செல் சேவரை மறப்பது

அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவித் திருப்பித் தரும் கருவி இது. கழுவுவதும் சலைனில்தான். அந்தப் பையையும் கணக்கில் சேருங்கள்.